தினம் பத்து நிமிடம் மூச்சுக்கு என்று ஒதுக்கினால், எந்தப் பயிற்சியை எடுப்பது?

மூச்சுப் பயிற்சி நல்லது என்று இன்றைக்கு யாரும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரில் தொடங்கி பக்கத்து வீட்டுத் தாத்தா வரை எல்லோரும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். குழப்பம் அடுத்த கேள்வியில்தான் வருகிறது. எதைச் செய்வது? ஒருவர் நாடி சுத்தி என்கிறார், ஒருவர் கபாலபாதி செய்தால் தொப்பையும் போகும் என்கிறார், அலுவலகத்துப் பையன்கள் நாலு எண்ணி இழு, நாலு எண்ணிப் பிடி என்று அமெரிக்கக் கடற்படைக் கதை சொல்கிறார்கள், யூடியூபைத் திறந்தால் பனிக்கட்டித் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார்.

நான் கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கடைசி நாள் என்றால் 17-ஆம் தேதியிலிருந்தே எங்களுக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடையாது. போன வருடம் பிபி 142/92 என்று வந்தது. டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை, "மூணு மாசம் பார்ப்போம், உப்பைக் குறைங்க, தினம் நடங்க, மூச்சுப் பயிற்சி ஏதாவது பண்ணுங்க" என்றார். அந்த "ஏதாவது"தான் என்னை அலைக்கழித்தது. ஒவ்வொன்றையும் சில வாரங்கள் செய்து பார்த்தேன், கூடவே அதது பற்றி நடந்த ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். அதே இடத்தில் இப்போது நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக விடுவதே போதும். மற்ற முறைகளில் பாதி இதையேதான் வேறு வேறு உடுப்பில் செய்கின்றன. மீதிப் பாதியில் சில குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் உதவுகின்றன, சில எல்லோருக்கும் ஒத்துவராதவை.

ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், பிறகு மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தளரும். இளம் வயதில் இது நன்றாகவே தெரியும், வயது ஏற ஏற வித்தியாசம் குறையும். நான் முதல் தடவை இதை விரலடியில் உணர்ந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், நாற்பது வருடத்துக்கு மேலாக இது எனக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. இந்த வேலையைச் செய்வது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், வயிறு என்று போகிற நீளமான நரம்பு அது. மூச்சை விடும்போது இதயத்துக்கு "மெல்லப் போ" என்கிற சேதி அதன் வழியாகக் கூடுதலாகப் போகிறது. விடும் மூச்சு நீண்டால் அந்தச் சேதி போகிற நேரமும் நீள்கிறது.

இதயத் துடிப்பை நாம் நினைத்து நிறுத்த முடியாது, செரிமானத்தை நினைத்து நடத்த முடியாது. தானாகவும் நடந்து, நாம் கை வைத்தால் நமக்கும் கட்டுப்படுகிற வேலைகளில் முக்கியமானது மூச்சு. நம் பழைய கணக்கில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பார்கள். அதை வகுத்தால் நிமிடத்துக்குச் சரியாக 15. இன்றைய மருத்துவம் ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 என்று சொல்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கின்றன. 20-ஆம் தேதி நெருங்கும்போது எனக்கு நடப்பது வேறு: போர்ட்டலில் பட்டனை அழுத்திவிட்டு அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிற நேரம் முழுக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும், திரை மாறிய பிறகுதான் ஒரு பெரிய மூச்சு வரும். பக்கத்து சீட் அக்காதான் இதைக் கவனித்துச் சொன்னார்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

முதலில் மெதுவான மூச்சு. நிமிடத்துக்கு ஆறு, அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. ஐந்து நொடி இழுத்து ஐந்து நொடி விடலாம், அல்லது நாலு இழுத்து ஆறு விடலாம். ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உடம்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள உணரிகள் அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கும், இறங்கினால் வேகப்படுத்தும். அந்த ஏற்பாட்டுக்குச் சுமார் பத்து நொடியில் ஒரு அலை என்று இயல்பான தாளம் உண்டு. மூச்சும் அதே தாளத்துக்கு வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவும் 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டது. 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு வந்து நின்றது, அழுத்தத்தைச் சீர்செய்யும் அந்த ஏற்பாடும் கூர்மையானது. யாரும் யாருக்கும் எண்ணிக்கை சொல்லிக் கொடுக்கவில்லை, வரியின் நீளமே மூச்சை நடத்தியிருக்கிறது. என் பாட்டி விளக்கேற்றிவிட்டு ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று இழுத்து இழுத்துத் துதி சொல்வது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பிபி விஷயத்தில் மெதுவான மூச்சுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2013-ல் மருந்தில்லா வழிகளை அலசியபோது, கருவி ஒன்றின் துணையோடு மூச்சை மெதுவாக்கும் பயிற்சியை மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்து பார்க்கலாம் என்ற வரிசையில் வைத்தது. இறங்குவது சில புள்ளிகள்தான், மாத்திரைக்கு மாற்று என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதை நம்பி அதை நிறுத்தவே கூடாது, இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மனசு விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023-ல் 400 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் நிமிடத்துக்கு 5.5 மூச்சு, இன்னொரு பகுதியினர் நிமிடத்துக்கு 12. இரு தரப்பும் தினம் பத்து நிமிடம் என்று நான்கு வாரம் செய்தார்கள். மன அழுத்தம் இரு தரப்புக்குமே குறைந்தது, ஆனால் இரண்டுக்கும் நடுவே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால் நிம்மதியாகவும் இருந்தது. தினம் பத்து நிமிடம் ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைக் கவனிப்பதே மனசுக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 5.5-ஆ 6-ஆ என்று துல்லியம் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணுவதே பதற்றத்தைத் தருகிறது என்றால் எண்ணாதீர்கள்.

அடுத்தது நாடி சுத்தி. இடது மூக்கில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விடுவது, நம் ஊரில் யோகா வகுப்பு போன எவருக்கும் தெரிந்தது. இதற்கும் வெறும் மெதுவான மூச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். மூக்கின் ஒரு துவாரத்தை அடைத்தால் காற்று போகிற வழி பாதியாகிறது, அதனால் மூச்சு தானாகவே மெதுவாகிவிடுகிறது, வேகமாக இழுக்க நினைத்தாலும் முடியாது. கைக்கு ஒரு வேலை இருக்கிறது, அடுத்து எந்தப் பக்கம் என்று மனசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கண்ணை மூடியதும் நாளைக்கு அனுப்ப வேண்டிய ரிட்டர்ன் ஞாபகம் வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. எண்ணிக்கைப் பயிற்சியில் நான் மூன்றாவது நிமிடத்தில் காணாமல் போய்விடுவேன், நாடி சுத்தியில் விரல் என்னைத் திரும்பக் கூட்டி வந்துவிடும்.

இடகலை என்கிற இடது மூச்சு குளிர்ச்சி, பிங்கலை என்கிற வலது மூச்சு சூடு என்பது மரபில் வருகிற விளக்கம். அதை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நம் மூக்கில் எந்த நேரமும் இரண்டு துவாரமும் சமமாகத் திறந்திருப்பதில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்த விஷயம், சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் உள்ளே வீங்கி மறுபக்கம் திறந்துகொள்ளும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் இதை 1895-ல் பதிவு செய்தார், மூச்சு எந்தத் துவாரத்தில் ஓடுகிறது என்று கவனிக்கிற நம் சரம் பார்க்கும் மரபுக்கு அதற்கு வெகு முன்பே தெரிந்திருக்கிறது. ஆகவே நாடி சுத்தி செய்யும்போது ஒரு பக்கம் அடைத்தாற்போல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. சளி பிடித்து இரண்டுமே அடைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், முட்டி மோதிச் செய்தால் தலைவலிதான் மிச்சம்.

கும்பகம், அதாவது மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிப்பது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் 64, ரேசகம் (விடுவது) 32 என்பது திருமூலர் சொல்லும் கணக்கு. இழுப்பதைப் போல நான்கு மடங்கு உள்ளே நிறுத்தி, இரண்டு மடங்கில் விட வேண்டும். இந்தக் கணக்கை எங்கேயோ படித்துவிட்டு முதல் வாரமே 64 எண்ணிப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் 30 வரை போயிருக்கிறேன். மூச்சை விட்டதும் அடுத்ததை அள்ளிக்கொள்ள வேண்டியிருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. அள்ளிக்கொள்ளும்படி ஆனால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், வேறு கருவி எதுவும் வேண்டாம். குரு பக்கத்தில் இருந்து வருடக்கணக்கில் ஏறிப் போகிற படி அது. பிபி உள்ளவர்களும், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் மூச்சை நிறுத்திப் பிடிக்கிற எதையும் தள்ளி வைப்பதே நல்லது. மற்றவர்கள் நிறுத்தாமல் மாற்றி மாற்றி விட்டாலே போதும்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை அலுவலகத்துப் பையன்களின் இரண்டு முறைகள். ஒன்று நாலு நாலாக, அதாவது நாலு இழுத்து, நாலு பிடித்து, நாலு விட்டு, காலி நெஞ்சோடு நாலு நிற்பது. அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்கள் பழகுகிறார்கள் என்ற பேச்சால் பரவியது. இன்னொன்று ஆண்ட்ரூ வெய்ல் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய 4-7-8, நாலு இழுத்து, ஏழு பிடித்து, எட்டில் வாய் வழியாக விடுவது. தான் எடுத்தது பிராணாயாமத்திலிருந்துதான் என்று அவரே சொல்கிறார். இரண்டில் எது என்றால், பகலில் ஒரு மீட்டிங்குக்கு முன் நிதானமும் விழிப்பும் ஒன்றாக வேண்டும் என்னும்போது எனக்கு நாலு நாலு உதவியது. 4-7-8 இரவுக்குச் சரி, விடும் மூச்சு நீளம் என்பதால். ஆனால் ஏழு எண்ணிப் பிடிப்பது எனக்குத் திணறலாகவே இருந்தது. நான் செய்த மாற்றம், நடுவில் இருக்கும் ஏழை எடுத்துவிட்டேன். நாலு இழுத்து எட்டு விட்டேன், தூக்கம் அதே போல வந்தது.

இனி அவசர நேரத்துக்கு உதவும் ஒன்று. பெருமூச்சு. அழுது முடித்த குழந்தை இரண்டு தடவை விம்மி இழுத்து ஒரு நீள மூச்சு விடுமே, அதேதான். மூக்கால் ஒரு முறை நன்றாக இழுத்து, அது நிறைந்த இடத்தில் இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, பிறகு வாய் வழியாக மெதுவாக, கடைசிவரை விடுவது. நமக்கே தெரியாமல் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாம் பெருமூச்சு விடுகிறோம். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் இருக்கின்றன, அவற்றில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அந்த இரண்டாவது இழுப்புதான் அவற்றைத் திரும்ப விரிக்கிறது. வீட்டில் பெரியவர்கள் "சும்மா பெருமூச்சு விடாதே, வீட்டுக்கு ஆகாது" என்பார்கள். உடம்புக்கு அது தேவையான வேலை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஒப்பீடு செய்து 2023 தொடக்கத்தில் வெளியிட்டார்கள். தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம். ஒரு குழு பெருமூச்சு, ஒரு குழு நாலு நாலு, ஒரு குழு வேகமாக மூச்சு வாங்கி நிறுத்துவது, நான்காவது குழு மூச்சை மாற்றாமல் கவனித்துத் தியானம் மட்டும். பதற்றம் நான்கு குழுவுக்குமே குறைந்தது. நாள் நல்லபடியாகப் போகிறது என்ற மனநிலை கூடியதில் பெருமூச்சுக் குழு முன்னால் நின்றது, ஓய்வாக இருக்கும்போது அவர்கள் விடும் மூச்சின் எண்ணிக்கையும் இறங்கியிருந்தது. ஒரே ஒரு ஆய்வுதான், அதை வைத்து இதுதான் உலகிலேயே சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் தலைக்கேறிய நேரத்தில், போர்ட்டல் எரர் காட்டுகிற நேரத்தில், கண்ணை மூடி உட்கார்ந்து பத்து நிமிடம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மூன்று பெருமூச்சு முப்பது நொடியில் முடிந்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அவசரத்துக்கு இதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை.

இரவுக்கு என் ஓட்டு பிரமரிக்கு. வாயை மூடி, மூக்கால் இழுத்து, வண்டு ரீங்கரிப்பது போல "ம்ம்ம்" என்று விடுவது. ரீங்காரம் போட்டுக்கொண்டே வேகமாக மூச்சை விட முடியாது என்பதால் விடும் மூச்சு தானாகவே நீள்கிறது, யாரும் எண்ண வேண்டியதில்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில், அதாவது சைனஸில், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது, இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிற அதே வாயு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த வைட்ஸ்பெர்க்கும் லுண்ட்பெர்க்கும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சும்மா மூச்சு விடுவதைவிட ரீங்காரத்தோடு விடும்போது மூக்கிலிருந்து வரும் அந்த வாயு சுமார் 15 மடங்கு கூடியது. ஒலி அதிர்வில் குழிகளுக்குள் இருக்கும் காற்று வேகமாக வெளியே வந்து கலப்பதுதான் காரணம். இதனால் எல்லா வியாதியும் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே விட்டுவிடுங்கள். உதடும் மூக்குத் தண்டும் கூசுகிற அந்த அதிர்வில் மனசு ஒட்டிக்கொள்கிறது, அது போதும். என் மகள் பரீட்சை நேரத்தில் என்னோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்தாள், இருவரும் ஒரே சுருதிக்கு வந்துவிட்டால் அறையே அதிர்கிற மாதிரி இருக்கும்.

வேகமான பயிற்சிகளுக்கு வந்தால் என் கருத்து கொஞ்சம் கறாரானது. வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி, இழுப்பதும் விடுவதும் வேகமாக இருக்கிற பஸ்திரிகா, அப்புறம் வேகமாக மூச்சு வாங்கிப் பிறகு நிறுத்திப் பிடிக்கிற, நெதர்லாந்துக்காரர் விம் ஹாஃப் பெயரில் வருவது. காலையில் கபாலபாதி செய்தால் சுறுசுறுப்பு வரும், அது உண்மை, எனக்கும் வந்தது. ஆனால் பழைய ஹட யோக மரபு அதை ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்றாக வைக்கிறது, பிராணாயாமத்தில் சேர்க்கவில்லை. சுத்தம் செய்வது வேறு, அமைதிப்படுத்துவது வேறு. பதற்றத்துக்கு வழி தேடி வருபவரை முதல் நாளே கபாலபாதியில் உட்கார வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேகமாக ஊதித் தள்ளும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை லேசாகும், விரல் நுனி மரக்கும், உதட்டோரம் ஊசி குத்தும். பதற்ற நோய் உள்ளவர்களுக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொள்ளும்போது வருவதும் இதே அறிகுறிகள்தான். அவர்களுக்கு இதைப் போய்ச் சொல்லிக் கொடுக்கலாமா?

விம் ஹாஃப் முறைக்கு ஆய்வே இல்லை என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஆய்வில், அந்த முறையில் பழகியவர்களுக்குப் பாக்டீரியாவின் நச்சைச் சிறிதளவு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். பழகியவர்களுக்கு அட்ரினலின் நன்றாக ஏறியது, அழற்சியைக் காட்டும் குறிகள் குறைவாக இருந்தன, காய்ச்சல் மாதிரியான தொந்தரவும் குறைவு. வியப்பான விஷயம்தான். ஆனால் அட்ரினலின் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள், பிபியைக் குறைக்க வந்த எனக்கு அது எதற்கு? இந்த முறையைத் தண்ணீரிலோ தண்ணீர் பக்கத்திலோ செய்யவே கூடாது. மூச்சு வாங்க வேண்டும் என்ற உந்துதலைத் தருவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அதை ஊதித் தள்ளிவிட்டு நீருக்குள் மூச்சைப் பிடித்தால், மூச்சு முட்டுகிறது என்று தெரிவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். இப்படி மூழ்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். கிணற்றிலும் வாய்க்காலிலும் யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி போடும் நம் பையன்களுக்கும் இது தெரிய வேண்டும்.

கபாலபாதியும் பஸ்திரிகாவும் யாருக்கு வேண்டாம் என்றால், பிபி கூடுதலாக உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், வலிப்பு, கண் அழுத்தம், கர்ப்பம், அண்மையில் வயிற்றில் அறுவை செய்தவர்கள். மற்றவர்கள் நேரில் ஒருவரிடம் கற்றுக்கொண்டு செய்யலாம்.

நுரையீரலே பிரச்சினை என்றால் தேர்வு அடியோடு மாறுகிறது, இதை நான் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அப்பா நூற்பாலையில் ப்ளோ ரூமில் முப்பது வருடம் இருந்தவர், பஞ்சுத் தூசிக்குள்ளேயே வாழ்ந்தவர், பீடியும் உண்டு. இப்போது சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நான் ஆர்வத்தில் அவருக்கு நாடி சுத்தி சொல்லிக் கொடுக்கப் போய், ஒரு பக்கம் அடைத்ததுமே அவர் கையைத் தட்டிவிட்டு, "வேண்டாம் கண்ணு, அடைக்குது" என்றார். அவருடைய தொல்லை காற்று உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில். தளர்ந்துபோன சிறிய காற்றுக் குழாய்கள் விடும்போது மூடிக்கொள்கின்றன, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது, மேலே புதுக் காற்றுக்கு இடமில்லை.

பிசியோதெரபி செய்யும் தம்பி அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். மூக்கால் இரண்டு எண்ணி இழுங்க ஐயா, உதட்டை விசில் அடிக்கிற மாதிரி குவிங்க, நாலு எண்ணி ஊதுங்க, மெழுகுவத்தி ஆடணும், ஆனா அணையக் கூடாது. உதட்டைக் குவித்து ஊதும்போது உள்ளே கொஞ்சம் எதிர் அழுத்தம் நிற்கிறது, அது குழாய்களைத் திறந்தே பிடித்துக்கொள்கிறது. அப்பா இப்போது மாடி ஏறும்போது ஒரு படிக்கு இழுத்து, இரண்டு படிக்கு ஊதிக்கொண்டே ஏறுகிறார். முன்பு பதினான்கு படிக்கு இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்து நிற்பார், இப்போது திருப்பத்தில் ஒரே ஒரு இடம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு புட்டேகோ என்ற ரஷ்ய முறை உண்டு, 1950-களில் கான்ஸ்டன்டின் புட்டேகோ என்ற மருத்துவர் உருவாக்கியது, மூக்கால் மட்டும், குறைவாக மூச்சு விடப் பழக்குவது. தொந்தரவும் அவசர இன்ஹேலர் தேவையும் குறைவதாக ஆய்வுகள் காட்டின, நுரையீரலின் திறன் சோதனையில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே தினசரி இன்ஹேலரை அதற்காக நிறுத்தாதீர்கள்.

ஆசிரியரா, ஆப்பா, தனியாகவா என்பதும் ஒரு தேர்வுதான். மெதுவான மூச்சுக்கும் பெருமூச்சுக்கும் பிரமரிக்கும் யாரும் தேவையில்லை. ஆப் என்றால் வட்டம் விரிந்து சுருங்குகிற எளிய ஒன்று போதும், இரண்டு வாரத்தில் அதுவும் வேண்டாததாகிவிடும், ஃபோன் கையில் இருந்தால் நோட்டிஃபிகேஷனும் கூடவே வரும் என்பது வேறு. கும்பகமோ வேகப் பயிற்சியோ வேண்டுமானால் நேரில் ஒருவரிடம் போங்கள். லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் 1924-ல் தொடங்கிய கைவல்யதாமா, சென்னையில் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் போன்ற இடங்கள் நமக்கு இருக்கின்றன. உங்கள் ஊரில் ஒருவரைத் தேடும்போது நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: முதல் நாள் உங்கள் பிபி, சுகர், பழைய அறுவை இவற்றைக் கேட்கிறாரா? நான் போன முதல் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே வேகத்தில் கபாலபாதி, எனக்குக் கண் இருட்டியபோது "அழுக்கு வெளியேறுது" என்றார் சொல்லிக் கொடுத்தவர். மறுநாள் நான் போகவில்லை.

சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும், இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கவனிக்க ஆரம்பித்ததும் மூச்சு போதாத மாதிரி தோன்றும், இன்னும் ஆழமாக இழுப்பார்கள், இன்னும் திணறும். அவர்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நடந்துகொண்டே, நாலு அடிக்கு இழுத்து ஆறு அடிக்கு விடலாம், அல்லது வாய்விட்டு ஒரு பாட்டைப் பாடலாம், பாட்டும் விடும் மூச்சுதானே.

எனக்கு மூன்று மாதம் கழித்து பிபி 132/86 என்று வந்தது. உப்பையும் குறைத்தேன், நடக்கவும் செய்தேன், அதனால் மூச்சுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது காலையில் ஐந்து நிமிடம் நாடி சுத்தி, நிறுத்தாமல். பிறகு ஐந்து நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு நாலு இழுத்து ஆறு விடுவது. வேலை நேரத்தில் பெருமூச்சு. சாப்பிட்டதும் எதுவும் செய்வதில்லை, சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வயிறு முன்னால் வருகிறதா என்று பார்க்க ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வைத்துக்கொள்வேன், மேல் நெஞ்சும் தோளும் மட்டும் ஏறி இறங்கினால் உதரவிதானம் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும், இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்தினாலே பாதி சரியாகும். இந்த மாதம் 20-ஆம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்கு போர்ட்டல் மறுபடி சுற்றிக்கொண்டு நின்றது. பக்கத்து சீட் அக்கா என் தோளைப் பார்த்தார், நான் அவர் தோளைப் பார்த்தேன், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நீள மூச்சு விட்டோம்.